காலாவதி நாளும் திறந்த மருந்துக் குப்பியும்

ஆய்வு மாணவர் குழுக்களில் ஒரு கருத்து அவ்வப்போது சுற்றுக்கு வருகிறது. மருந்தின் மேல் அச்சிடப்படும் காலாவதி நாள் மருந்து நிறுவனங்களின் விற்பனை உத்தி; அமெரிக்கப் படைத்துறையே பழைய மருந்துகளைச் சோதித்து அவை நன்றாக இருப்பதைக் கண்டுவிட்டது; ஆகவே அந்த நாளைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை என்பது அதன் சாரம். சென்ற வாரம் அதே கருத்து, பாதி தீர்ந்த ஓர் இருமல் மருந்துக் குப்பியின் படத்தோடு வந்தது. சான்று இல்லாமல் எதையும் ஏற்கக் கூடாது என்று பயின்றவர்களே அதைப் பகிர்கிறார்கள் என்பதால் சற்று விரிவாக எழுத வேண்டியதாயிற்று. நான் மருந்தியல் துறையைச் சார்ந்தவன் அல்லன்; மைசூருவில் மொழியியல் ஆய்வு செய்பவன். எனினும் ஒரு சான்று எதைப் பற்றியது, எதைப் பற்றியது அன்று என்று பிரித்தறிவது எல்லாத் துறைகளுக்கும் பொதுவான கடமை.

முதலில் அந்தச் சான்றை அதற்குரிய மதிப்போடு பார்ப்போம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமும் இணைந்து 1986ஆம் ஆண்டு முதல் மருந்துகளின் ஆயுளை நீட்டிக்கும் திட்டம் ஒன்றை நடத்தி வருகின்றன. படைக் கிடங்குகளில் பெரும் பொருட்செலவில் சேர்த்து வைத்த மருந்துகளை, நாள் கடந்த ஒரே காரணத்துக்காக அழிப்பது வீண் அல்லவா என்ற நியாயமான கேள்வியிலிருந்து பிறந்த திட்டம் அது. அதன் முடிவுகள் 2006இல் கட்டுரையாக வெளிவந்தன. 122 மருந்துகளைச் சேர்ந்த 3005 தொகுதிகள் சோதிக்கப்பட்டன. அவற்றில் 88 விழுக்காட்டுத் தொகுதிகளின் ஆயுளைக் குறைந்தது ஓராண்டு நீட்டிக்க முடிந்தது. நீட்டிப்பின் சராசரி 66 மாதங்கள். இதில் ஐயமில்லை.

ஆனால் அந்த ஆய்வு எந்த மருந்துகளைச் சோதித்தது? முத்திரை உடையாத, தயாரித்தவரின் மூல உறையிலேயே இருந்த, வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட கிடங்கில் கிடந்த மருந்துகளை. ஒவ்வொரு தொகுதியும் தனித்தனியே ஆய்வகத்தில் அளக்கப்பட்ட பின்னரே அதன் ஆயுள் நீட்டிக்கப்பட்டது. ஒரே மருந்தின் இரண்டு தொகுதிகளுக்குள் பெரிய வேறுபாடுகள் இருந்ததையும் அக்கட்டுரை பதிவு செய்கிறது. சமையலறை அலமாரியில், எண்ணெய்ப் பிசுக்குக்கும் அடுப்பின் சூட்டுக்கும் நடுவே, நான்கு மாதங்களுக்கு முன் மூடி திறந்த ஒரு சிரப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றைச் சொன்னதாக வைத்துக்கொண்டு குழந்தைக்கு மருந்து புகட்டுவதுதான் சிக்கல்.

இங்கே என் துறை சார்ந்து ஒரு சிறு குறிப்பு. ‘காலாவதி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காலம், அவதி என்னும் இரு வடசொற்களின் சேர்க்கை அது. ‘அவதி’ என்றால் எல்லை. மைசூருவின் தெருக்களில் கேட்கும் கன்னடத்தில் இன்றும் அச்சொல் கால வரம்பு, கால அளவு என்ற பொருளிலேயே வழங்குகிறது. நாள் கடந்ததைச் சொல்ல வேண்டுமானால் ‘அவதி மீறித’, அதாவது எல்லையை மீறிய, என்று சொல்கிறார்கள். தமிழிலோ எல்லையின் பெயரே எல்லை மீறியதன் பெயராகிவிட்டது. ‘காலாவதி மருந்து’ என்றால் நமக்குக் கெட்டுப்போன மருந்து. (அவதி என்பது தமிழில் துன்பத்தையும் குறிப்பது தற்செயலான பொருத்தம்; அதை வைத்து வாதம் செய்ய மாட்டேன்.) இந்தப் பொருள் மாற்றத்தோடு ஒரு நம்பிக்கையும் நம்மிடம் படிந்துவிட்டது. அந்த நாளுக்கு முன்தினம் வரை மருந்து, மறுநாள் முதல் நஞ்சு என்று ஒரு சாரார் எண்ணுகிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்ட மற்றொரு சாரார், நாளுக்குப் பொருளே இல்லை என்கிறார்கள். இரு சாராரும் அந்த நாளை மருந்தின் இயல்பாகவே பார்க்கிறார்கள். அது உண்மையில் ஒரு நிபந்தனை வாக்கியம்.

நிபந்தனை இதுதான்: இந்தக் குப்பி திறக்கப்படாமல், சீட்டில் சொன்ன வெப்பநிலையில் இருக்குமானால், இந்த நாள் வரை இதன் வீரியத்துக்கும் தூய்மைக்கும் தயாரித்தவர் பொறுப்பு. நீண்ட காலச் சேமிப்புச் சோதனைகளையும், 40 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் 75 விழுக்காட்டு ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்துப் பார்க்கும் விரைவுச் சோதனைகளையும் கொண்டு இந்த நாள் குறிக்கப்படுகிறது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள் இதனை ‘வீரியம் முடியும் நாள்’ என்ற பொருளில் குறிப்பிடுகின்றன. மாதமும் ஆண்டும் அச்சிட்டிருந்தால் அம்மாதத்தின் கடைசி நாள் வரை என்று கொள்ள வேண்டும். அந்த நாள் கடந்த மருந்தை விற்பனைக்கு வைப்பது குற்றம். விதி கடைக்காரரைக் கட்டுப்படுத்துகிறது. கடையின் படியிறங்கி, மூடியைத் திருகி முத்திரை உடைத்த கணத்தில் அந்த நிபந்தனை முறிந்துவிடுகிறது. அதன் பிறகு அந்தக் குப்பிக்கு உண்மையான நாள் ஒன்று உண்டு. ஆனால் அது எங்கும் அச்சிடப்படவில்லை, எவரும் எழுதி வைப்பதுமில்லை. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

மாத்திரைக்கும் இது பொருந்தாதா என்று கேட்கலாம். ஓரளவு பொருந்தும். ஆனால் பட்டையில் அடைத்த மாத்திரை ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் இருக்கிறது. ஒன்றை எடுத்தால் மற்றது திறப்பதில்லை. நீர்ம மருந்தில் முதல் கரண்டிக்காகத் திறக்கும்போதே கடைசிக் கரண்டியும் திறந்துவிடுகிறது. மேலும், நீர் இருக்கும் இடத்தில் வேதிவினை நடக்கும், உயிர் வளரும். இதை அறிய நவீன ஆய்வகம் கூடத் தேவைப்படவில்லை. நம் சித்த மருத்துவ மரபு அக மருந்துகளை 32 வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வகுத்தது. பற்பத்துக்கு 100 ஆண்டு, செந்தூரத்துக்கு 75 ஆண்டு, சூரணத்துக்கு 3 மாதம். சாறு, குடிநீர் போன்றவற்றுக்கோ ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். இந்த எண்களை இன்றைய ஆய்வு அப்படியே ஏற்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் நீர் சேர்ந்தால் ஆயுள் குறையும் என்ற வரிசை முறையில் அந்த மரபுக்குக் குழப்பமே இருந்ததில்லை. இரண்டு நாள் பழைய கசாயத்தை எந்தப் பாட்டியும் பேரனுக்குக் கொடுக்க மாட்டார். அதே வீட்டில் ஆறு மாதப் பழைய சிரப் கொடுக்கப்படுகிறது. கண்ணாடிக் குப்பியும் அச்சிட்ட சீட்டும் அந்தத் துணிவைத் தருகின்றன.

எடுத்துக்காட்டாக ஒன்றை மட்டும் விரிவாகப் பார்ப்போம்: குழந்தைகளுக்கு எழுதித் தரப்படும் ஆன்டிபயாடிக் டிரை சிரப். கடையில் அது குப்பிக்குள் தூளாக இருக்கிறது. ஏன் தூள்? அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் குடும்பத்து மருந்துகளின் மூலக்கூற்றில் உள்ள பீட்டா-லாக்டம் வளையத்தை நீர் மெல்ல மெல்ல உடைத்துவிடும். அந்த வளையம் உடைந்தால் மருந்து வேலை செய்யாது. எனவே நீரில்லாமல் அனுப்பி, வாங்கியவர் வீட்டில் காய்ச்சி ஆறிய நீரைக் கோடு வரை ஊற்றிக் கலக்கிக்கொள்ளும்படி ஏற்பாடு. சில பொதிகளில் அந்த நீரும் தனிக் குப்பியில் கூடவே வருகிறது. கலக்கிய பிறகு அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து 7 நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டும். எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். கிளாவுலனிக் அமிலம் இன்னும் மென்மையானது. வெளியே வைத்தால் விரைவில் சிதையும்.

இப்போது அந்தக் குப்பியின் சீட்டைப் பாருங்கள். காலாவதி நாள் பெரும்பாலும் ஓராண்டுக்கு அப்பால் இருக்கும். அது தூளுக்கான நாள். கலக்கிய மருந்துக்கான 7 நாள் வரம்பு, கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டிய ஆங்கில வரியாக எங்கோ ஒரு மூலையில் இருக்கும். குழந்தைக்கு மூன்று நாளில் காய்ச்சல் விட்டதும் மருந்து நிறுத்தப்படுகிறது. இரண்டு மாதம் கழித்து மீண்டும் தொண்டை வலி. பெட்டியில் பாதிக் குப்பி இருக்கிறது, நாளும் கடக்கவில்லை. தாய் அறியாமையால் கொடுக்கவில்லை; சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டே கொடுக்கிறார். உள்ளே போவது வீரியம் பெரிதும் இழந்த ஆன்டிபயாடிக். நோய் தீராது, கிருமிக்கோ மருந்தின் அரைகுறை அறிமுகம் கிடைக்கிறது. கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போவதைப் பற்றி நாம் கருத்தரங்கு நடத்துகிறோம். அதன் ஒரு சிறு ஊற்று இந்தப் பாதிக் குப்பிகளிலும் இருக்கிறது.

வேதிச் சிதைவு ஒரு பக்கம். கலவை பிரிவது மற்றொரு பக்கம். சஸ்பென்ஷன் என்று சீட்டில் போட்டிருக்கும் மருந்துகளில் மருந்துத் துகள்கள் கரையாமல் நீர்மத்தில் மிதக்கின்றன. நாட்பட அவை அடியில் படிந்து இறுகிவிடும். வலிப்பு நோய்க்குத் தரப்படும் ஃபெனிட்டாயின் சஸ்பென்ஷனை எண்ணிப் பாருங்கள். அம்மருந்தில் போதுமான அளவுக்கும் மிகையான அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. சரியாகக் குலுக்காத அல்லது குலுக்கியும் கலையாத குப்பியிலிருந்து முதல் வாரம் தெளிந்த நீர்மம் போகும், குழந்தைக்கு வலிப்பு வரும். கடைசி வாரம் அடிமண்டி போகும், அதே குழந்தைக்கு நடை தள்ளாடும், கண் நிலைகொள்ளாது அலையும். ஒரே குப்பி, ஒரே கரண்டி, சீட்டில் நாளும் எஞ்சியிருக்கிறது.

அடுத்து, கிருமி. செறிவான சர்க்கரைப் பாகு தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்பது பழைய அறிவு. ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையைப் பாகில் சர்க்கரை செய்கிறது. ஆனால் குப்பியைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்து மீண்டும் உள்ளே வைக்கும்போது மூடியின் உட்புறம் நீர்த்துளி கோத்து, பாகின் மேற்பரப்பில் சொட்டி, அந்த ஏட்டை மட்டும் நீர்க்கச் செய்கிறது. பூஞ்சைக்கு அவ்வளவு இடம் போதும். சர்க்கரை சேர்க்காத சிரப்புகள் முழுக்க முழுக்கப் பாரபென், சோடியம் பென்சோயேட் போன்ற பொருள்களையே நம்பியிருக்கின்றன. அவற்றுக்கும் ஆற்றலின் வரம்பு உண்டு. வாய் வைத்த கரண்டியைக் குப்பிக்குள் விடுவதும், மூடியையே வாயில் வைத்துக் குடித்துவிட்டுக் கழுவாமல் திருகுவதும் எந்த நிறுவனத்தின் சேமிப்புச் சோதனையிலும் இடம்பெறுவதில்லை.

வாய்வழி மருந்தில் இரைப்பை ஓரளவு காவல் செய்கிறது. கண்ணுக்கு அந்தக் காவல் இல்லை. சொட்டு மருந்துக் குப்பியைத் திறந்த 28 நாட்களுக்குப் பின் பயன்படுத்தக் கூடாது என்று பொதுவாகச் சொல்வதன் காரணம் அதுதான். 2023இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தோடு தொடர்புடைய தொற்று பரவியது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் எருஜினோசா என்னும் கிருமி 18 மாநிலங்களில் 81 பேரிடம் கண்டறியப்பட்டது. 4 பேர் இறந்தனர், 14 பேர் பார்வை இழந்தனர். அந்தச் சொட்டு மருந்து சென்னைக்கு அருகே இயங்கிய குளோபல் பார்மா ஹெல்த்கேர் நிறுவனத்தில் தயாரானது. பலமுறை திறந்து மூடும் குப்பியில், கிருமித் தடுப்புப் பொருள் சேர்க்காமல் அது விற்கப்பட்டது. நாள் கடந்த மருந்தின் கதை அன்று இது. ஆனால் திறந்த நீர்மத்துக்கும் கிருமிக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான, நமக்கு அருகிலான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

‘நாள் கடந்த மருந்து நஞ்சாகுமா?’ என்ற கேள்விக்கும் நேர்மையாக விடை சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஆகாது. மருத்துவ இலக்கியத்தில் திரும்பத் திரும்பக் குறிப்பிடப்படும் நிகழ்வு 1963இல் பதிவான டெட்ராசைக்ளின் பாதிப்பு. சிதைந்த அம்மருந்தை உட்கொண்டவர்களின் சிறுநீரக நுண்குழல்கள் பழுதுபட்டன. அதுவும் திட வடிவத்தைச் சேர்ந்தது; அன்றைய தயாரிப்பு முறையும் பின்னர் மாறிவிட்டது. ஆகவே பழைய சிரப் குடித்தவர் உடனே மயங்கி விழுவார் என்று நான் அச்சுறுத்தப் போவதில்லை. அப்படி அச்சுறுத்துவதால்தான், குடித்து ஒன்றும் ஆகாதவர் முழு எச்சரிக்கையையும் பொய் என்று தள்ளிவிடுகிறார். பழைய நீர்ம மருந்தின் தீங்கு பெரும்பாலும் ஓசையின்றி நிகழ்வது: தீர வேண்டிய நோய் தீராமல் நீள்வது, அளவு தெரியாமல் போவது, கிருமி உள்ளே நுழைவது. மருந்து கொடுத்தோம் என்ற நிறைவில் மருத்துவரிடம் போவது இரண்டு நாள் தள்ளிப் போகிறது. கைக்குழந்தையின் காய்ச்சலிலும் நீரிழிவுக்காரரின் தொற்றிலும் அந்த இரண்டு நாள் பெரிய இழப்பு. பெரும்பாலான இன்சுலின் குப்பிகள் திறந்த பின் நான்கு வாரமே தாங்கும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். ‘சர்க்கரை ஏன் குறையவே இல்லை?’ என்ற கேள்விக்குச் சில வீடுகளில் விடை அந்தக் குப்பியிலேயே இருக்கக்கூடும்.

இனி, அச்சிட்ட நாளையே நம்ப முடியாமல் போன ஒரு நிகழ்வு. தமிழ்நாட்டில் ‘காலாவதி மருந்து’ என்ற தொடர் அன்றாடப் பேச்சுக்குள் நுழைந்தது 2010 மார்ச்சில். சென்னைக் கொடுங்கையூர்க் குப்பை மேட்டுக்கு வந்து சேர்ந்த நாள் கடந்த மருந்துகளைப் பொறுக்கி, நாளை அழித்துப் புதிய நாள் பொறித்து, மீண்டும் கடைகளுக்கு அனுப்பிய கும்பல் அப்போது பிடிபட்டது. மாநிலம் முழுவதும் சோதனைகள் நடந்தன. வழக்குக் குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. அன்றைய நாளிதழ்கள் கும்பலின் தலைவர் யார், எந்த அரசியல்வாதியின் நிழல் என்பதிலேயே கண்ணாக இருந்தன. நான் வேறொன்றைக் கேட்கிறேன். அத்தனை மருந்து குப்பை மேட்டுக்கு முழுக் குப்பியாக, சீட்டோடு எப்படிப் போய்ச் சேர்ந்தது? முறையாக அழிக்க வழியில்லாத, அல்லது வழியிருந்தும் செலவழிக்க மனமில்லாத ஒரு விநியோகச் சங்கிலி அந்தக் கும்பலுக்கு முன்பே அங்கு இருந்தது. நம் வீடுகளும் அச்சங்கிலியின் கடைசிக் கண்ணி. பாதிச் சிரப்பைச் சீட்டோடு குப்பைத் தொட்டியில் போடுகிறோம். கழிவுநீரில் கொட்டினால் ஆன்டிபயாடிக் நீர்நிலைக்குப் போகிறது. எங்கே போடுவது என்று கேட்டால் பெரும்பாலான ஊர்களில் விடையில்லை.

கேரளம் இதில் ஓரடி முன்னே சென்றிருக்கிறது. பயன்படாத மருந்துகளை மக்களிடமிருந்து திரும்பப் பெறும் திட்டத்தை அம்மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கோழிக்கோட்டில் 2025இல் முன்னோடியாகத் தொடங்கியது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பும் அதே ஆண்டு மே மாதத்தில் வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. அதில் 17 மருந்துகளை மட்டும், வேறொருவர் கையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், கழிப்பறையில் ஊற்றிவிடச் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஃபென்டனில் போன்ற வலிநீக்கிகள். மற்றவற்றுக்குத் திரும்பப் பெறும் மையங்களே வழி என்கிறது அது. மையங்கள்தாம் இன்னும் நம் தெருவுக்கு வரவில்லை.

நாளைப் பற்றிப் பேசும்போது 2025 அக்டோபரைத் தவிர்க்க முடியாது. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்தது கோல்ட்ரிஃப் என்னும் இருமல் சிரப். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் நிறுவனம் தயாரித்தது. தமிழ்நாட்டு அரசு ஆய்வகம் எஸ்.ஆர்.-13 என்ற தொகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருப்பதைக் கண்டது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1. அந்தக் குப்பியின் சீட்டில் இருந்த நாள்கள்: தயாரிப்பு மே 2025, காலாவதி ஏப்ரல் 2027. அதாவது எச்சரிக்கையான ஒரு தந்தை சீட்டைப் புரட்டிப் பார்த்திருந்தாலும் அது அவருக்கு நம்பிக்கையையே தந்திருக்கும். சென்னையில் 1972இலும், மும்பையில் 1986இலும், ஜம்முவின் ராம்நகரில் 2020இலும், காம்பியாவில் 2022இலும் இதே வேதிப்பொருள் இதே போன்று உயிர் குடித்திருக்கிறது. கர்நாடகத்திலும் 2024 இறுதியில் பெல்லாரி மாவட்ட மருத்துவமனையில் மகப்பேற்று அறுவைக்குப் பின் ஐந்து தாய்மார் இறந்தபோது, அவர்களுக்கு ஏற்றப்பட்ட ரிங்கர் லாக்டேட் கரைசலின் மீதே ஐயம் விழுந்தது.

இவை காலாவதிச் சிக்கல்கள் அல்ல, தரக் கட்டுப்பாட்டின் தோல்விகள் என்று நண்பர்கள் குறுக்கிடலாம். சரியே. இங்கே அவற்றைக் கொண்டுவந்ததற்குக் காரணம், சிந்துவாராவுக்குப் பிறகு நம் உரையாடல் போன போக்கு. ‘நாள் கடக்காத மருந்தே கொல்கிறது, நாள் கடந்ததைப் பற்றி என்ன கவலை?’ என்று ஒருவர் எழுதினார், பலர் விருப்பக்குறி இட்டார்கள். ஒரு காவலன் உறங்கினான் என்பதற்காக மற்ற காவலரையும் வீட்டுக்கு அனுப்புவது போன்றது இது. தொழிற்சாலையில் என்ன கலந்தார்கள் என்பதை நானோ நீங்களோ வீட்டில் கண்டறிய இயலாது. அதற்கு அரசைத்தான் கேட்க வேண்டும், விடாமல் கேட்க வேண்டும். ஆனால் மூடியை எப்போது திறந்தோம் என்பது நம் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி. அதை அரசு அறிய முடியாது.

மைசூருவில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு முரண் இருக்கிறது. 1950இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், 1961இல் பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சி ஆய்வகம் என்ற பெயரில் தொடங்கிய ஆய்வகமும் இந்நகரில்தான் இருக்கின்றன. சப்பாத்தியும் பழச்சாறும் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதைப் பல்லாண்டு ஆராய்ந்த நகரம் இது. கடையில் ஒரு ஜாம் குப்பியை எடுத்துப் பாருங்கள்; திறந்த பின் குளிர்ப்பெட்டியில் வைக்கவும், இத்தனை நாளுக்குள் உண்ணவும் என்று எழுதியிருக்கும். பக்கத்து மருந்துக்கடையில் ஓர் இருமல் சிரப்பை எடுத்துப் பாருங்கள். பலவற்றில் அந்த வரி இராது. ரொட்டியில் தடவும் பண்டத்துக்குக் கிடைக்கும் மதிப்பு நோயாளியின் மருந்துக்குக் கிடைக்கவில்லை. ஐரோப்பிய நாடுகளின் மருந்துச் சீட்டுகளில் திறந்த பின்னான ஆயுளைத் தனியே குறிப்பது வழக்கமாகிவிட்டது. இங்கும் அதனைக் கட்டாயமாக்க வேண்டும், அதுவும் அந்தந்த மாநில மொழியில், படிக்கக்கூடிய எழுத்தளவில். கூடவே ‘திறந்த நாள்’ என்று அச்சிட்டு ஒரு வெற்றுக் கட்டம் விட்டால் போதும். பேனா பிடித்தவர் நிரப்பிக்கொள்வார்.

விதி மாறும் வரை விடுதிகளில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆய்வு மாணவர் விடுதிகளில் ஒரு பொது மருந்து அலமாரி இருக்கும். பட்டம் முடித்துப் போகிறவர்கள் கட்டில் விரிப்பையும் மின்கெண்டியையும் போலவே மருந்துகளையும் விட்டுச் செல்கிறார்கள். நான் தங்கியிருந்த விடுதி ஒன்றில் அப்படி ஒரு நாள் எண்ணிப் பார்த்தோம்: பதினொரு நீர்மக் குப்பிகள். ஒன்பதில் சீட்டு நாள் கடக்கவில்லை. எதுவும் எப்போது திறக்கப்பட்டது என்று சொல்ல அங்கு ஒருவரும் இல்லை. திறந்தவர்களில் இருவர் முனைவராகி வேறு மாநிலத்தில் பணியில் இருக்கிறார்கள். கோடை விடுமுறையில் சேலத்துக்கோ வேலூருக்கோ போகிறவர்கள் அதே குப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் எட்டு மணி நேரம் வெயிலில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிறார்கள். வெப்பம் 10 பாகை உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். மைசூருவின் குளிர்ந்த காற்றை நம்பி வைத்த மருந்து வேலூர் மே மாதத்தில் அதே மருந்தாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எனவே விடுதிப் பொறுப்பாளர்களுக்கும் மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொது அலமாரியில் நீர்ம மருந்து எதையும் வைக்க வேண்டாம். மாத்திரைப் பட்டையும் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் போதும். கரைசலைக் கலக்கிய 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். சொந்தமாக வாங்கும் சிரப்பின் மேல் திறந்த நாளைப் பேனாவால் எழுதுங்கள். எத்தனை நாள் வைக்கலாம் என்பதை வாங்கும்போதே கடையிலுள்ள மருந்தாளுநரிடம் கேளுங்கள். அதைச் சொல்வது அவர் தொழிலின் பகுதி, நாம் கேட்பதில்லை என்பதால் அவர் சொல்வதில்லை. நிறம் மாறினாலும், குலுக்கியும் கட்டி கரையாவிட்டாலும், மூடியைச் சுற்றிப் பூஞ்சையோ புளித்த மணமோ தெரிந்தாலும் சீட்டில் என்ன நாள் இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். மருந்தால் ஏதேனும் பாதிப்பு என்று ஐயுற்றால் மருத்துவரைப் பார்த்த பின், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்யலாம். அதற்கு மருத்துவராக இருக்க வேண்டிய தேவை இல்லை, நோயாளியே பேசலாம்.

மருந்தியல் பயிலும் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, குப்பியின் மேல் ஒட்டத்தக்க ஒரு சிறு சீட்டை வரைந்திருக்கிறோம். மூன்றே வரிகள்: திறந்த நாள், விட வேண்டிய நாள், வைக்க வேண்டிய இடம். தமிழும் கன்னடமும் முடிந்துவிட்டன. கன்னட வடிவில் ‘அவதி’ என்ற சொல்லை அதன் பழைய பொருளிலேயே வைத்திருக்கிறோம். உருதுவிலும் மலையாளத்திலும் எழுதித் தரக்கூடியவர்கள் எனக்குத் தனியே எழுதினால், அச்சிட்டு மானசகங்கோத்ரி வளாகத்தைச் சுற்றியுள்ள மருந்துக்கடைகளில் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.